சாயம் சேற்றில் என்ன செய்கிறது? மும்பை நண்பர்களின் கேள்விகள்

கடலில் கலக்கும் சாயம் கரைந்து போய்விடாதா, சார்? (செம்பூர்)

போகாது. மும்பையை ஒட்டிய கடற்கழியான தானே கிரீக்கின் சேற்றை விரலில் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி இருக்கும். அந்தக் களிமண் துகள்களுக்கு எதிர்மின்சுமை. மெத்திலீன் நீலம், மலக்கைட் பச்சை போன்ற சாயங்களுக்கு நேர்மின்சுமை. உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சோடியமும் மெக்னீசியமும் அதே இடத்துக்குப் போட்டி போடும். அதனால் மும்பையின் மித்தி ஆற்றுச் சேற்றோடு வரும் இந்தச் சாயங்களில் ஒரு பங்கு, ஆறு கடலில் சேரும் மாஹிமில் உப்புநீர் பட்டதும் கழன்றுவிடும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களின் கதை வேறு. அவை எதிர்மின், களிமண் அவற்றைத் தள்ளும். அங்கே உப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கும், கால்சியம் நடுவில் பாலமாக நிற்கும். ஒரே உப்புதான், ஒன்றைக் கழற்றி மற்றொன்றை ஒட்டவைக்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

எங்க பட்டறைத் தண்ணி இப்ப கலர் இல்லாமதான் போகுது. சுத்தம்தானேண்ணே? (தாராவி)

இல்லை தம்பி. நிறம் போனால் நஞ்சு போனதாகாது. அசோ சாயம் என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பால் நிறம் பெறும் வகை. காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைக்கும். நிறம் மறையும், அரோமாட்டிக் அமீன்கள் என்ற நிறமற்ற துண்டுகள் மிஞ்சும், அவற்றில் பல நஞ்சு. காங்கோ சிவப்பு என்ற அசோ சாயம் உடைந்தால் பென்சிடின். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்.

கிரீக் மீன் சாப்பிடலாமா? (முலுண்ட்)

ஆய்வகத்தில் சோதிக்காமல் சொல்ல மாட்டேன். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கேளுங்கள்.

மொத்தச் சேற்றையும் வாரிட்டா முடிஞ்சுதே? (சயான்)

பழைய சாயம் சேற்றின் கரிமப் பொருளுக்குள், நுண்துளைகளுக்குள் புதைந்திருக்கும். ஒட்டிய வேகத்தில் விடாது, வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியும். கலக்கினால் துகளோடு சேர்ந்து நீரில் எழும்பும்.

2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல 944 மில்லிமீட்டர் கொட்டிச்சு, எங்க வீட்ல இடுப்பளவு தண்ணி. சேறு அடைச்சா மறுபடி வெள்ளம்தானே, வாராதேங்கிறீங்களா? (சயான், மறுபடி)

அந்த வேதனை எனக்கும் தெரியும். வாரத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் நான் சண்டை போடுகிறேன். முதலில் ஆழம் ஆழமாகச் சேறெடுத்துச் சோதியுங்கள். வாரும் இடத்தைச் சுற்றி, கலங்கல் பரவாதபடி நீரில் திரை கட்டுங்கள். வாரியதை அலையாத்திக் காட்டில் கொட்டாதீர்கள்.

அலையாத்தி வேர் சாயத்தை உறிஞ்சிடுமே, அங்கேயே கொட்டினா என்ன? (மாட்டுங்கா)

கொட்டக் கூடாது, ஐயா. வேரடிச் சேறும் காற்றில்லாத சேறுதான். தாராவித் தம்பிக்குச் சொன்ன அமீன்கள் அங்கேயும் உருவாகும்.

கலர் தெரியலன்னா பயமில்லையே? (வாஷி)

தாராவித் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். நிறம் போனால் நஞ்சு போனதாகாது.