வகுப்பில் விளங்குது, வீட்டில் வருகுதில்லை: நுண்கணிதம் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வகையீடும் (ஓர் அளவு மாறும் வேகத்தைக் காண்பது) தொகையீடும் (அதைத் திருப்பிச் செய்வது)தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

சேர், கிழமைக்கு மூன்று ரியூசன் வகுப்புக்குப் போகிறேன். பலகையில் செய்யும்போது எல்லாம் விளங்குகிறது. வீட்டில் கடந்தகால வினாத்தாளை எடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். (உயர்தர மாணவி, கோண்டாவில்)

பலகையில் ஒவ்வொரு வரிக்கும் "அடுத்து என்ன செய்வது" என்று தீர்மானிப்பவர் உங்கள் சேர். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். அந்தத் தீர்மானம்தான் கணக்கு. மிச்சமெல்லாம் எழுத்து வேலை. அதை நீங்கள் ஒருநாளும் பழகவில்லை என்பதால்தான் வீட்டில் நிற்கிறீர்கள். மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

வகுப்பு முடிந்த அன்றைக்கே, கொப்பியை மூடிவைத்துவிட்டு, அங்கே செய்த அதே கணக்கை வெற்றுத்தாளில் செய்யுங்கள். புதுக் கணக்கு வேண்டாம். நின்றுவிட்டால் கொப்பியைத் திறந்து ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடுங்கள். எந்த வரியில் திறந்தீர்களோ அதன் பக்கத்தில் ஒரு புள்ளி போடுங்கள். இரண்டு நாள் கழித்துப் புள்ளி விழுந்த கணக்குகளை மட்டும் திரும்பச் செய்யுங்கள். இதற்கு நேரம் இல்லை என்பீர்கள். மூன்று வகுப்பில் ஒன்றை விடுங்கள். வீட்டில் சண்டை வந்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையைச் சொல்லிப் பிள்ளைகளைக் களைக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்போது தாளுக்குத் தட்டுப்பாடு. எழுதுமுன் அடுத்த வரியைத் தலைக்குள் தேட வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் மட்டும் நல்லது, விளக்கு வேண்டாம்.

எனக்கு அட்சரகணிதம் பலவீனம். அதை விட்டுவிட்டு வகையீட்டிலிருந்து புதிதாகத் தொடங்கலாமா? (மானிப்பாய்)

முடியாது. விடைத்தாள் திருத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள்: வகையிட்ட வரி அநேகமாகச் சரியாக இருக்கும், சுருக்கும்போதுதான் பிழைக்கும். முதற் தத்துவத்திலிருந்து, அதாவது சூத்திரம் பாவிக்காமல் வரைவிலக்கணத்திலிருந்தே, எக்ஸின் வர்க்கத்தை வகையிடுவதையே எடுங்கள். அடைப்பை விரிக்கிறோம், கழிக்கிறோம், பொதுக் காரணியை எடுத்து வெட்டுகிறோம். எல்லை, அதாவது சிறு மாற்றத்தைப் பூச்சியத்தை நெருங்கவிடுவது, கடைசி வரியில் மட்டும்தான் வருகிறது. முன்னால் நடந்ததெல்லாம் பத்தாம் வகுப்பு வேலை.

இன்னும் நிறையப் பேர் இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கிப்பதும், வர்க்கித்துவிட்டுக் கூட்டுவதும் ஒன்றென்று எழுதுகிறார்கள். 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கித்தால் 49. வர்க்கித்துக் கூட்டினால் 25. இப்படிச் சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் சின்ன எண் இரண்டைப் போட்டுப் பாருங்கள், அரை நிமிடம்தான். பின்னம், சுட்டி, காரணிப்படுத்தல், திரிகோணகணிதச் சர்வசமன்பாடுகள் ஆகிய நான்குக்கும் இரண்டு கிழமை, நாளுக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள்.

பட்டம் 60 மீற்றர் உயரத்தில் பறக்கிறது. காற்று அதைச் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் கிடையாகக் கொண்டுபோகிறது. 100 மீற்றர் நூல் வெளியே இருக்கும் கணத்தில் நூல் என்ன வேகத்தில் விடப்படுகிறது? எனக்குப் பூச்சியம் வருகிறது. (வல்வெட்டித்துறை)

தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிற ஊர்ப் பிள்ளைக்குப் பட்டக் கணக்கில் பூச்சியமா! உங்கள் கையில் நூல் ஓடுவது தெரிகிறதே.

பிழை எங்கே என்று நினைக்கிறேன் என்றால், நீங்கள் முதலிலேயே நூலுக்கு 100ஐயும் கிடைத்தூரத்துக்கு 80ஐயும் போட்டுவிட்டு வகையிட்டிருக்கிறீர்கள். மாறிலியை வகையிட்டால் பூச்சியம்தான் வரும். பட்டத்தைப் படமெடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு அது என்ன வேகத்தில் போகிறது என்று கேட்டதுபோல. முதலில் ஓடவிடுங்கள், பிறகு நிறுத்துங்கள்.

நூல் தொய்யாமல் நேராக இருக்கிறது என்று வைத்து, படம் கீறுங்கள். மாறாத அளவு 60 மட்டும்தான், அதற்கு எண்ணைப் போடலாம். கிடைத்தூரமும் நூலின் நீளமும் மாறுகின்றன; அவற்றுக்கு எழுத்துதான். பைதகரசின்படி கிடைத்தூரத்தின் வர்க்கத்தோடு 60இன் வர்க்கத்தைக் கூட்டினால் நூலின் வர்க்கம். இதை நேரம் குறித்து வகையிடுங்கள். இரண்டு பக்கமும் வரும் 2ஐ வெட்டினால், கிடைத்தூரத்தை அதன் வேகத்தால் பெருக்கியது, நூலின் நீளத்தை அதன் வேகத்தால் பெருக்கியதற்குச் சமன். இப்போதுதான் அந்தக் கணத்தின் எண்களைப் போட வேண்டும். நூல் 100 என்றால் கிடைத்தூரம் 80. ஆகவே 80 தர 5, அதாவது 400ஐ 100ஆல் பிரிக்க, செக்கனுக்கு 4 மீற்றர்.

இங்கே நிறுத்தாதீர்கள். விடை 5இலும் குறைவு, அது சரியா? பட்டம் நேரே தலைக்கு மேலே இருக்கும் கணத்தில் நூலின் வேகம் உண்மையாகவே பூச்சியம். தூரம் போகப் போக 5ஐ நெருங்கும், ஆனால் தொடாது. 5இலும் கூடுதலாக வந்திருந்தால் எங்கேயோ பிழை. இந்தச் சரிபார்ப்புக்குப் புள்ளி கிடைக்காது, ஆனால் போக இருந்த புள்ளியை மீட்டுத்தரும்.

தொகையீட்டில் எந்த முறையைப் பாவிப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பருத்தித்துறை)

இருபது கணக்கை எடுத்து, ஒன்றையும் முடிக்காமல், முறையின் பெயரையும் முதல் வரியையும் மட்டும் எழுதுங்கள். எக்ஸை கோசைன் எக்ஸால் பெருக்கியிருந்தால் பகுதிகளாகத் தொகையிட வேண்டும். அதே எக்ஸை, எக்ஸ் வர்க்கத்தின் கோசைனால் பெருக்கியிருந்தால் பிரதியீடு போதும், ஏனென்றால் உள்ளே இருப்பதன் பெறுதி (அதை வகையிட்டால் வருவது), ஒரு 2ஐத் தவிர, வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒன்றுபோல் தெரிகிற சோடிகளைச் சேர்த்து வையுங்கள். கிடைத்த விடையை வகையிட்டுப் பாருங்கள், பழைய சார்பு திரும்பி வர வேண்டும். தொகையீட்டு மாறிலியை (விடையின் கடைசியில் கூட்டும் Cயை) மறக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

சைன் எக்ஸின் பெறுதி கோசைன் எக்ஸ் என்பதைக் கணிப்பானில் சரிபார்த்தேன். பொருந்தவில்லை. (முதலாம் வருடம்)

கணிப்பான் பாகையில் இருக்கிறது, ஆரையனுக்கு (கோணத்தை அளக்கும் மற்ற அலகு, radian) மாற்றுங்கள். பாகையில் என்றால் பையை (π) 180ஆல் பிரித்த காரணி, ஏறத்தாழ 0.01745, முன்னால் வந்து நிற்கும். நுண்கணிதத்தில் ஆரையனைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் காரணியைத் தவிர்க்கத்தான்.

தமிழில் உயர்தரம் எழுதி யாழ் வளாகத்துக்கு வந்தேன். இங்கே ஆங்கிலம், அதோடு எப்சிலன், டெல்டா. இரண்டும் சேர்ந்து மூச்சு முட்டுகிறது. (திருநெல்வேலி)

இரண்டையும் பிரியுங்கள். எண்ணக்கருவைத் தமிழில் பிடித்துவிட்டு, வசனத்தை ஆங்கிலத்தில் மனப்பாடமாகவே எழுதிப் பழகலாம், வெட்கமில்லை.

எண்ணக்கரு இதுதான். ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுகிறோம். 2ஐ நெருங்கினால் விடை 7ஐ நெருங்கும். "விடை 7இலிருந்து 0.03க்குள் நிற்க வேண்டும்" என்று ஒருவர் சவால் விடுகிறார். பெருக்கம் மூன்று மடங்கு என்பதால், எண்ணை 2இலிருந்து 0.01க்குள் வைத்தால் போதும். அவர் தருவது எப்சிலன், நீங்கள் திருப்பித் தருவது டெல்டா. இங்கே எப்போதும் எப்சிலனின் மூன்றிலொன்று. எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் உங்களிடம் பதில் இருந்தால் எல்லை 7. சவால் முதலில், பதில் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றி எழுதினால் முழு நிறுவலும் பிழைத்துவிடும்.

இணைந்த கணிதத்தில் நேரம் போதவில்லை. (சாவகச்சேரி)

உயர்தரத்தில் இந்தப் பாடத்தின் ஒரு தாளுக்கு 3 மணித்தியாலம். பகுதி அ-வில் பத்து வினா, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. புள்ளிப்படி பிரித்தால் சிறு வினாவுக்கு நாலரை நிமிடம், பெரிய வினாவுக்கு 27 நிமிடம். வீட்டிலும் மணிக்கூட்டை வைத்தே செய்யுங்கள்.

மகன் இரவு இரண்டு மணிவரை கணக்கோடு இருக்கிறான். எனக்குக் கணிதம் தெரியாது. நான் என்ன செய்யலாம்? (ஒரு தாய், சுன்னாகம்)

முதலில் நேரத்துக்குப் படுக்கச் சொல்லுங்கள் அம்மா. நித்திரைத் தூக்கத்தில் செய்யும் கணக்கில் சக (+) அடையாளம் சயவாக (−) மாறிவிடும். அதைத் தேடவே அடுத்த நாள் காலை போய்விடும். பிறகு, "எத்தனை கணக்கு முடிந்தது" என்று கேட்காமல், "எந்த இடத்தில் நிற்கிறாய், எனக்கும் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விளங்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்லும்போது பிழை தானாகவே அகப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதிக் கதையில் "ஓ" என்று எழும்பி மேசைக்கு ஓடினால் கோபிக்காதீர்கள். தேத்தண்ணி மட்டும் ஆறிப்போகும்.