அப்பப்பாவின் மார்ட்டினி-ஹென்றி துவக்குக்கு .458 சன்னம் பொருந்துமா?

பொருந்தாது. இந்தப் பழைய பிரித்தானிய இராணுவ ரைபிளின் தோட்டாப் பெயரிலுள்ள ‘.450’ஐ நம்பி .458 அங்குலச் சன்னம் வாங்குவதுதான் இந்தத் துவக்கில் வழமையாக நடக்கும் பிழை. .450 என்பது தவாளிப்பு (சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் சுருள் பள்ளம்) வெட்டுவதற்கு முந்திய துளை அளவு. தவாளிப்பின் அடிவரை அளந்தால் பெரும்பாலும் .464க்கு மேலேதான் வரும். மெலிந்த சன்னம் தவாளிப்பைப் பிடிக்காது. பக்கத்தால் வாயு பீறும், குழலில் ஈயம் அப்பும், இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீட்டுத் துளை விழும்.

முதலில் அது ஹென்றிதானா என்று பாருங்கள். மார்ட்டினி-என்ஃபீல்டும் வெளிப்பார்வைக்கு அதேதான். வாய்த்துளை 7.7 மி.மீ. என்றால் அது .303 என்ஃபீல்ட், 11.4 மி.மீ. என்றால் ஹென்றி. துவக்கு உங்கள் பெயருக்கு மாறி, அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். வெடிமருந்து வைத்திருப்பதற்கு இலங்கையில் 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் வேறாக இருக்கிறது.

இனிக் குழலை அளப்பது. தூண்டிலுக்குக் கட்டும் கலப்பில்லாத ஈயம் போதும். குழலுக்கு எண்ணெய் பூசி, துளையைவிடச் சற்றுப் பருத்த ஈயத்துண்டை வாய்ப்பக்கத்தால் பித்தளைக் கம்பி கொண்டு மெதுவாகத் தட்டி இறக்குங்கள். மரக்கம்பி வேண்டாம், பிளந்தால் உள்ளேயே ஆப்பாக இறுகிவிடும். வெளியே வரும் ஈயத்தில் ஏழு மேட்டு வரி இருக்கும். ஏழு ஒற்றை எண் என்பதால் ஒரு வரிக்கு நேரெதிரே இருப்பது பள்ளம். வேர்னியர் அளவுகோலின் இரு தாடைக்கு நடுவே வைத்தால் .466 குழலும் ஏறக்குறைய .458 என்றே காட்டும்! அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். லேத் வேலைத்தலத்தில் ஒரு பித்தளைத் தகட்டில் .464, .466, .468, .470 என்று துல்லியமாகத் துளையிடுவித்து, ஈயம் எதில் இறுக்கமாக நுழைகிறது என்று பாருங்கள். அந்த அளவைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பருத்த சன்னம் வேண்டும். நிரப்பிய தோட்டா நெருக்காமல் அறைக்குள் போனால் சரி.

அந்தக் காலத்து ரைபிள் தோட்டாவில் 85 கிரேன் (5.5 கிராம்) கரிமருந்து, 480 கிரேன் (31.1 கிராம்) சன்னம். சன்னம் 12 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், தாள் சுற்றியது. குறுந்துவக்குக்கு 70 கிரேனும் 410 கிரேன் சன்னமும். பழைய குழலில் இந்தக் குறைந்த அளவில் தொடங்குவதே புத்தி. மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே காற்றிடம் விடக்கூடாது, குழல் வளையமாக வீங்கிவிடும். மிஞ்சும் இடத்தை அட்டை வட்டும் தேன்மெழுகு வட்டும் வைத்து நிரப்புங்கள்.

புகையில்லா மருந்து (இக்காலத் தோட்டாக்களில் உள்ளது) ஒரு சிட்டிகையும் வேண்டாம். கரிமருந்து அளக்கும் குவளையில் அதை அளந்தால் அழுத்தம் பல மடங்காகும். வீட்டில் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் சுடாதீர்கள். குழலையும் தோட்டாவை அடிக்கும் ஊசியையும் துவக்குத் திருத்துபவர் பார்த்த பிறகு, முதல் மூன்று வெடிக்கும் துவக்கைக் கட்டிவைத்து, மறைவில் நின்று விசையைக் கயிற்றால் இழுங்கள்.

கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். கொழும்புக் கடற்காற்றில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்.