தொட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டாம்

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்பு கடல்நீர் மீன்தொட்டி வைத்தேன். கல், மணல் போக 100 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. முதல் நாளே இரண்டு க்ளவுன் மீன்கள் விட்டுவிட்டேன். இப்போது அம்மோனியா 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்), உப்பு 40 பி.பி.டி. (லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம்) காட்டுகிறது. தண்ணீர் குறையும்போதெல்லாம் உப்புத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மணல்மேல் பழுப்பாகப் படிந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டி, கல்லைக் கழுவி, பாக்டீரியா பாட்டில் ஊற்றிப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மூன்று வாரமாக அந்தக் கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர்ந்து, மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாதான் உங்கள் தொட்டியின் உண்மையான ஃபில்டர். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். மறுபடி முதல் நாள் நிலைதான். பழுப்புப் படிவு டயாட்டம் என்னும் பாசி. புதுத் தொட்டியில் வரும், தண்ணீரில் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் போகும். அதை விட்டுவிட்டு உப்பையும் அம்மோனியாவையும் பாருங்கள்.

உப்பு ஏறியதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளுக்கு முக்கால் லிட்டர் குறைந்தால் மூன்று வாரத்தில் ஏறக்குறைய 15 லிட்டர். அதையெல்லாம் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீரால் நிரப்பியிருக்கிறீர்கள். அரைக் கிலோ உப்பு கூடுதலாகச் சேர்ந்து, 35 இருந்தது 40 ஆகிவிட்டது. இனி தொட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். குடிநீர் ஃபில்டரில் வருவது பல நேரம் இதற்கு உதவாது. சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலந்துவிடுவார்கள், தண்ணீரில் கரைந்தவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

திருத்துவதற்கு முன்னால், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நம்பலாமா என்று பாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிற கருவி 35-இல் இரண்டு மூன்று புள்ளி தவறலாம். 35 பி.பி.டி. என்று குறித்து விற்கும் கரைசலில் சரிபாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டராக இருந்தால் முள்ளில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தட்டிவிட்டுப் படியுங்கள்.

40 உறுதியானால் இரண்டு தொல்லையும் ஒரே வேலையில் தீரும். 30 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைத் தனி வாளியில் எடுத்து, அதில் சுமார் 1 கிலோ கடல்நீர்த் தொட்டி உப்புக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெண்மையாகப் படிந்துவிடும். சின்ன பம்பு வைத்து இரவு முழுக்கச் சுற்றவிட்டு, 30 பி.பி.டி. இருக்கிறதா என்று அளந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டியில் 30 லிட்டர் எடுத்துவிட்டு இதை மெதுவாக ஊற்றுங்கள். உப்பு 37-க்கு வரும். மறுநாளும் இப்படியே செய்தால் 35. அம்மோனியாவும் பாதியாகும். இறால், நத்தை ஏதாவது இருந்தால் இதே 60 லிட்டரை 15 லிட்டராகப் பிரித்து நான்கு நாளில் மாற்றுங்கள்.

1 பி.பி.எம். அம்மோனியாவைச் சின்ன எண் என்று நினைக்காதீர்கள். அம்மோனியாவில் நச்சு வடிவம் எவ்வளவு என்பது பி.எச். ஏற ஏறக் கூடும். பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியைவிட 8.2 உள்ள கடல்நீர்த் தொட்டியில் அது பத்து மடங்குக்கும் மேல். மீன் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கினால் தண்ணீர் மாற்றும் வரை காத்திருக்காமல் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் என்னும் தொட்டி மருந்தைப் போடலாம்.

இந்தக் கண்டிஷனர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது அம்மோனியாவை அகற்றுவதில்லை, ஒன்றிரண்டு நாளுக்கு நச்சில்லாத வடிவில் கட்டி வைக்கும், அவ்வளவுதான். பச்சை நிறம் காட்டும் சோதனை கட்டப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்துத்தான் எண்ணும். ஆகவே மருந்து வேலை செய்தும் எண் இறங்காது. எண் இறங்கவில்லையே என்று இன்னொரு மூடி, மறுபடி ஒரு மூடி ஊற்றினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியாவில் பிழைத்த மீன் மூச்சுமுட்டிச் சாகும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகைச் சோதனை இன்னும் மோசம், கண்டிஷனர் பட்டாலே இல்லாத அம்மோனியாவைக் காட்டும். ஒரு வேளை மட்டும் போடுங்கள். எண்ணைப் பார்க்காமல் மீனின் மூச்சைப் பாருங்கள்.

பாட்டில் பாக்டீரியாவுக்கு வருவோம். அம்மோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ் வித்துகளாக உறங்கிக் கிடக்கும் இனமல்ல. வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் அது உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. மலிவான பல பாட்டில்களில் இருப்பது பேசில்லஸ் என்னும் வேறு பாக்டீரியா. கழிவைச் சிதைக்கும், அம்மோனியாவை அதன் அடுத்த கட்டமான நைட்ரைட் ஆக்காது. லேபிளில் இன்ன பாக்டீரியா, இன்ன தேதி என்று இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். ஒரே நாளில் தொட்டி, உப்பு, மீன் மூன்றையும் கட்டிக்கொடுத்து, மூன்றாம் வாரம் மருந்து விற்கும் வியாபாரத்தைத் தட்டிக்கேட்க யாருமில்லை. மீனை ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள் என்று சொல்லியிருந்தாலே இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருந்திருக்காது.

அடுத்த இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். 0.5-ஐத் தாண்டினால் 35 பி.பி.டி. தண்ணீரால் 30 லிட்டர் மாற்றுங்கள். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. நைட்ரைட் ஏறினால் பதற வேண்டாம். கடல்நீரின் குளோரைடு அது மீனின் செவுளுக்குள் போவதைப் பெரிதும் தடுக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏழு நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு, வாரம் 10 லிட்டர் மாற்றினால் போதும். மூன்றாவது மீனைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.