முட்டைத் திருடனுக்கு ஒரு வக்காலத்து

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தோட்டத்தில் சிட்டுகளுக்கு வைக்கும் தானியத்தை ‘புளூ ஜே’ என்ற நீலப் பறவை வந்து அபகரிக்கிறது. மற்ற பறவைகளின் முட்டையையும் தின்னுமாம். இந்தத் திருட்டுப் பறவையைப் பொறி வைத்துப் பிடித்தால் என்ன?

பதில்: பிடித்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். வலசைப் பறவைகளைக் காக்க 1918-இல் போட்ட சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. புளூ ஜேயும் அதன் காவலில்தான் வாழ்கிறது. பேரனைப் பார்க்கப் போன இடத்தில் அபராதம் கட்டிவிட்டுத் திரும்பாதீர்கள்.

முட்டை தின்னும், மறுக்கவில்லை. ஆனால் இவற்றின் இரைப்பையை அறுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், முட்டைக்கோ குஞ்சுக்கோ தடயம் கிடைத்தது நூற்றில் ஒன்றில்தான். மற்றபடி பூச்சியும் கொட்டையும்தான். நீங்கள் இதை எழுதியது ஆம்லெட்டுக்கு முன்பா, பின்பா?

ஊரில் பனங்காடையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் அதையும் ‘புளூ ஜே’ என்றே எழுதிவைத்தார்கள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அமெரிக்க ஜே காக்கைக் குடும்பம். அந்தச் சாமர்த்தியம் வேறு எங்கிருந்து வரும்? பருந்தைப் போலவே கத்தும். சக ஜேக்களை எச்சரிக்கவா, மற்ற பறவைகளை மிரட்டி இரையை விட்டு ஓடவைக்கவா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இவ்வளவு வாயாடி தன் கூட்டருகே வந்தால் மட்டும் மூச்சுவிடாது.

ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, தென்கனடாவிலிருந்து ஃபுளோரிடா வரை இதன் ராஜ்யம். அடர்காட்டைவிடக் காட்டின் ஓரம் பிடிக்கும். ஓக் மரம் இருந்தால் உங்கள் மகனின் தெருவும் போதும். இலையுதிர் காலத்தில் கவனியுங்கள். தொண்டைப் பையில் இரண்டு மூன்று ஓக் கொட்டைகள், வாயில் ஒன்று, அலகு நுனியில் ஒன்று என்று சுமந்து போய், ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து இலையால் மூடும். வர்ஜீனியாவில் ஒரு தோப்பில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கொட்டைகள், அதாவது விளைச்சலில் பாதிக்கு மேல், சராசரி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போயிருந்தன. எடுத்துத் தின்னாமல் விட்டவற்றில் பல முளைத்துவிடுகின்றன. கனமான ஓக் கொட்டை காற்றில் பறக்காது. பனியுகம் முடிந்தபின் ஓக் காடுகள் வடக்கே அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தத் ‘திருடன்’தான் காரணம் என்று கருதுகிறார்கள்.

இன்னொன்று. உதிர்ந்த இறகு கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நீலம் போய்ப் பழுப்பு தெரியும். இறகில் நீலச் சாயமே கிடையாது, ஒளி சிதறிக் காட்டும் வித்தை. பார்த்ததும் அங்கேயே போட்டுவிடுங்கள். இறகை வைத்துக்கொள்வதற்கும் அதே சட்டத்தில் தடை உண்டு.

சிட்டுகள் பாவம் என்றால், சின்னப் பறவை மட்டும் நுழையும் கம்பிக்கூண்டு வாங்கி அதில் தானியம் வையுங்கள். ஜேக்குத் தனித் தட்டில் ஓட்டோடு வேர்க்கடலை. உப்புப் போட்டு வறுத்தது உங்களுக்கு.