பொருளாதாரம், பண்பாடு, அரசியல்: எது எதை நகர்த்துகிறது?

கேள்வி: ஒரு நாடு முன்னேறுவதும் பின்தங்குவதும் அதன் பண்பாட்டைப் பொறுத்ததுதானே?

பதில்: 1945-இல் 38-ஆவது இணைகோட்டில் பிரிக்கப்படும்வரை கொரியா ஒரே மொழியும் ஒரே மரபும் கொண்ட நாடு, கனரகத் தொழில்களில் பெரும்பகுதி வடக்கில்தான் இருந்தது. வட, தென் கொரியாக்களிடையே இன்றுள்ள வருமான இடைவெளிக்கு அரசியல் ஏற்பாட்டைத் தவிர வேறு காரணம் தேடுவது வீண். வேறு விளக்கம் அகப்படாதபோது பண்பாட்டின் தலையில் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றில் எது முதன்மையானது?

பதில்: எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: பொருளாதாரம் பண்பாட்டை மாற்றியதற்கு ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

பதில்: ஏர் உழவு. ஏரை ஓட்ட உடல்வலு மிகுதியாக வேண்டியிருந்ததால் ஆண் வயலுக்கும் பெண் வீட்டுக்கும் எனப் பிரிவினை உண்டானது என்று பொருளியலாளர் எஸ்தர் போஸரப் 1970-இல் வாதிட்டார். ஏர் உழவுச் சமூகங்களின் வழிவந்தோரிடையே, வேறு நாடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் உட்பட, பெண்கள் வேலைக்குச் செல்வது இன்றும் குறைவு என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கேள்வி: ஜெர்மனியில் 1923-இன் பணவீக்கம்தானே ஹிட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்தது?

பதில்: ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க்; அம்மாதமே புதிய நாணயம் வந்தது, விலைவாசி அடங்கியது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு வாக்குகளே. 1930-இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. அதற்குள் வேலையற்றோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டியிருந்தது. விலைகளோ அப்போது வீழ்ந்துகொண்டிருந்தன.

கேள்வி: அப்படியானால் 1923-இல் சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கத்தின் கசப்புக்குப் பங்கே இல்லையா? தாங்கள் அதை அடியோடு ஒதுக்குகிறீர்கள்.

பதில்: ஒதுக்கவில்லை, அது எந்த வழியாகச் செயல்பட்டது என்பதில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். பணத்தாள் வெறும் காகிதமாகிப்போனதைக் கண்ணால் கண்ட மக்களிடம் பணவீக்கம் குறித்த அச்சம் ஏறத்தாழ ஒரு பண்பாடாகவே ஊறிப்போயிருந்தது. 1930-இல் பிரதமரான புரூனிங், முதல் உலகப்போரின் இழப்பீட்டுக் கடனும் வெளிநாட்டுக் கடனும் நெருக்கிய நிலையில், அவசரச் சட்டங்களால் கூலியையும் அரசுச் செலவையும் வெட்டி வரியை உயர்த்தினார். தாராளமாகச் செலவிடலாம் என்ற எவரும் பணவீக்கத்தை மீண்டும் அழைப்பவராகவே பார்க்கப்பட்டார். வெட்டு வேலையின்மையைப் பெருக்கியது, வேலையின்மை வாக்குகளைத் திருப்பியது. ஆக, பொருளாதார விபத்து ஓர் அச்சத்தை விட்டுச்சென்றது. அந்த அச்சம் கொள்கையை இறுக்கியது. கொள்கை அரசியலைக் கவிழ்த்தது. இடைக்கண்ணிகளைத் தாண்டிக் குதித்து 1923-இலிருந்து ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்கு நேர்க்கோடு போடுவதையே மறுக்கிறேன்.

கேள்வி: சுருக்கமாக, பொருளாதாரம்தானே எல்லாவற்றுக்கும் அடித்தளம்?

பதில்: இரண்டாம் கேள்வியின் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: இப்போது எந்தப் பங்குகளை வாங்கலாம்?

பதில்: என் துறை அன்று.

கேள்வி: ஜெர்மானியரின் அந்த அச்சம் பின்னர் மறைந்துவிட்டதா?

பதில்: இல்லை, சட்டமாக மாறியது. 1957-இல் அமைந்த புண்டஸ்பாங்க் அரசின் கட்டளைக்கு உட்படாத மத்திய வங்கி. பிற்பாடு ஐரோப்பிய மத்திய வங்கியும் பெரிதும் அதே வார்ப்பில், விலை நிலைத்தன்மையைத் தலையாய கடமையாகக் கொண்டு, அதே பிராங்க்பர்ட் நகரில் நிறுவப்பட்டது.