ஆட்டுப்பட்டி கேள்வி–பதில்

கே: செம்பனைத் தோட்டத்து ஓரம் பரண் கொட்டகையில் 14 ஆடுகள் வைத்திருக்கிறேன், எல்லாம் கச்சாங் நாட்டாடுகள். போன மாதம் ஜம்னாபாரி என்ற பெரிய இனத்துப் பெட்டை ஒன்றை வாங்கி நேராக உள்ளே விட்டேன். மற்றவை முட்டித் துரத்துகின்றன. அது மூலையிலேயே நிற்கிறது, தீவனத் தொட்டிப் பக்கமே வருவதில்லை. விற்றுவிடலாமா?
– வாசகர், நிபோங் திபால்

ப: விற்பதை அப்புறம் பார்க்கலாம். மந்தை ஒதுக்கியதா, நோய் வந்து தானே ஒதுங்கியதா என்று முதலில் பிடித்துப் பாருங்கள்.

கீழ் இமையை இழுத்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால், நம் ஊர் ஈரத்துக்கு, இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுதான் முதல் சந்தேகம். தாடைக்கு அடியில் தொளதொளவென்று நீர் கோத்திருந்தாலும் அதே கதை. காதுக்குக் கீழோ தோளுக்கு முன்னாலோ கெட்டியான கட்டி இருந்தால் அது வேறு. சீழ்க்கட்டியாக இருக்கலாம். பட்டிக்குள் வைத்துக் கீறாதீர்கள், ஒழுகும் சீழ் மற்ற ஆடுகளுக்கும் தொற்றும். உடல் சூடு 38.5 முதல் 39.5 டிகிரி வரை சரி. காலையிலேயே பாருங்கள், வெயிலில் நின்ற ஆடு கூடுதலாகக் காட்டும். இடது விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தினால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை இரைப்பை புரள்வது கைக்குத் தெரியும். ஏதாவது சரியில்லை என்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் இது அந்தஸ்துச் சண்டை. உருவத்தில் பெரியது என்பதால் ஜம்னாபாரிக்குச் சலுகை கிடையாது; கொம்புள்ள சின்ன கச்சாங் கிழவியே அதை ஓட்டிவிடும். தலையோடு தலை மோதினால் விட்டுவிடுங்கள், சில நாளில் தீரும். விலாவில் இடித்தால் உடனே பிரியுங்கள், சினையாடு என்றால் குட்டி விழும்.

கொட்டகையின் ஒரு பக்கத்தைக் கம்பிவலையால் தடுத்து அதை அங்கே 10 நாள் விடுங்கள். கண் பெரிய வலையில் கொம்பு மாட்டிக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் போதும். இரு பக்கத் தொட்டிகளையும் வலையை ஒட்டியே வையுங்கள், பக்கத்தில் நின்று தின்றே பழகட்டும். ஐந்தாறு நாள் கழித்து மந்தையிலேயே சாதுவான ஓர் ஆட்டைத் துணைக்கு அனுப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்தே, காலையில் வயிறு நிறைந்தபின், மந்தைக்குப் பழக்கமில்லாத வெளியிடத்தில் மற்றவையோடு விடுங்கள். பரணில் வேண்டாம். தள்ளுமுள்ளில் பலகை இடுக்கில் கால் போனால் முறியும், ஓடித் தப்பவும் வழியில்லை.

தொட்டியில் ஓர் ஆட்டுக்கு 40 சென்டிமீட்டர் இடம் கணக்கிடுங்கள். அதோடு இரண்டு தொட்டிகளை மூன்று மீட்டர் தள்ளி, நடுவில் பலகைத் தடுப்போடு வையுங்கள். ஒரே ரௌடி எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. அப்படியும் அடங்காவிட்டால் ரௌடியைத்தான் நான்கு நாள் வெளியே கட்ட வேண்டும். திரும்பும்போது அதன் இடம் ஆடிப்போயிருக்கும். அடி வாங்குகிறதை தினமும் வெளியே எடுத்தால் ஒவ்வொரு முறையும் சண்டை புதிதாகத் தொடங்கும்.

பாவம் பார்த்து மீந்த சோறும் ரொட்டியும் தனியாகப் போடுகிறவர்கள் உண்டு. வயிறு புளித்து, முட்டுப்பட்டதைவிட வேகமாகச் சாகும்.

மூன்று வாரத்திலும் மாறாவிட்டால் இன்னொரு ஜம்னாபாரியைத் துணைக்கு வாங்கலாம். ஆனால் அதை முதலில் 30 நாள் தனியே வையுங்கள், இந்த முறை நேராக உள்ளே விட வேண்டாம்.

கே: புட்டிப்பாலில் வளர்ந்த குட்டி என் பின்னாலேயே வருகிறது, மந்தையோடு மேய மறுக்கிறது.
– வாசகி, பாலிக் புலாவ்

ப: பாலை வீட்டு வாசலில் கொடுக்காதீர்கள், பட்டிக்குள் போய்க் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடுங்கள். இரவில் அதே வயதுக் குட்டிகள் இரண்டு மூன்றோடு அடையுங்கள். கிடாக்குட்டி என்றால் நெற்றியைத் தள்ளி விளையாடுவதை இன்றே நிறுத்துங்கள். 40 கிலோ வந்தபின் அதே விளையாட்டு உங்கள் முழங்காலுக்கு ஆகாது.