எமர்ஜென்சி பட்டனை அமுக்கினால் போதாதா?

பராமரிப்பு வேலையின்போது நடக்கும் விபத்துகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிவிட்டுத்தான் கன்வேயரில் கை வைக்கிறோம். புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் பூட்டும் போடச் சொல்கிறார். ஐந்து நிமிட வேலைக்குப் பத்து நிமிடப் பூட்டா? (ஃபிட்டர், ஓசூர்)

அவர் சொல்வதுதான் சரி. பெரும்பாலான மிஷின்களில் அந்தச் சிவப்பு பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் (ஓடு, நில் என்று உத்தரவு தரும் சர்க்யூட்) வெட்டுகிறது. 415 வோல்ட் மின்சாரம் பேனல் வரை வந்து அப்படியேதான் நிற்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்சான கான்டாக்டர் ஒட்டிக்கொண்டாலும் சரி, விவரம் தெரியாத ஒருவர் பட்டனை விடுவித்து ஸ்டார்ட் கொடுத்தாலும் சரி, உங்கள் கையோடு சேர்ந்து பெல்ட் ஓடும். மெயின் ஐசொலேட்டரை (மிஷினுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். நான்கு பேர் வேலை பார்த்தால் நான்கு பூட்டு. எல்லாருக்கும் சேர்த்து சூப்பர்வைசர் ஒன்று போடுவது கணக்கில் வராது.

அப்புறம், மிஷின் பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நானே ஒருமுறை 3-ஆம் பம்பைப் பூட்டியதாக நினைத்து 2-ஆம் பம்பைப் பூட்டியிருந்தேன். பேனலில் பெயர் மாறி ஒட்டியிருந்தது. ஸ்டார்ட் கொடுத்து அது ஓடியபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

மின்சாரம் மட்டும்தான் சக்தி என்றும் நினைக்க வேண்டாம். சிலிண்டரில் அடைபட்ட காற்று, அக்யூமுலேட்டரில் (ஆயிலை அழுத்தத்தோடு சேர்த்து வைக்கும் கலன்) நிற்கும் ஆயில் பிரஷர், தூக்கி நிற்கும் பிரஸ் ராமின் (மேலும் கீழும் இறங்கி அழுத்தும் பாகம்) எடை எல்லாமே பூட்டுக்குப் பின்னும் உயிரோடிருக்கும். காற்றையும் ஆயில் பிரஷரையும் இறக்குங்கள், ராமுக்கு முட்டுக் கொடுங்கள். டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வைத்த மோட்டார் என்றால் அதன் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் டி.சி. தங்கியிருக்கும். மூடியில் எழுதியுள்ள நிமிடங்கள் கழியட்டும், பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸில் கசிவைத் தடவித் தேடியபோது விரலில் ஊசி குத்திய மாதிரி இருந்தது. ரத்தம்கூட வரவில்லை. நாளைக்குக் காட்டலாமா?

இவருக்கு அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன்: உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே பரவும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, திசு அழுகத் தொடங்கும். அறுவை சிகிச்சை தாமதமானால் விரலையே எடுக்க நேரிடலாம். “பிரஷரோடு ஆயில் உள்ளே போயிருக்கிறது” என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வெளிக்காயத்தைப் பார்த்தால் அவருக்கும் சிறியதாகத்தான் தெரியும். கசிவு தேட ஓர் அட்டைத்துண்டு போதும், கை வேண்டாம்.

டிரில்லிங் மிஷினில் கிளவுஸ் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. சுழலும் பொருள் கிளவுஸைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

நைட்ரஜன் அடித்துக் காலியாக்கிய டேங்க். விஷவாயு இல்லை, நாற்றமும் இல்லை. உள்ளே இறங்க ஏன் பெர்மிட் (எழுத்து மூல அனுமதி)?

நாற்றம் இல்லாததுதான் ஆபத்து. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. நைட்ரஜன் மட்டும் நிறைந்த இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தாலே நினைவு போய்விடலாம், மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது. விழுந்தவரைப் பார்த்துப் பதறி இறங்குகிறவரும் அவர்மேலேயே விழுவார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் இறந்ததாகச் செய்தி வருகிறதே, பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வெளியில் நிற்பவரின் வேலை கயிற்றைப் பிடிப்பதும் ஆள் கூப்பிடுவதும்தான், குதிப்பது அல்ல. வால்வை மூடினால் மட்டும் போதாது, டேங்குக்கு வரும் லைனைக் கழற்றிவிடுங்கள் அல்லது பிளைண்டு (குழாய் வாயை அடைக்கும் தகடு) போடுங்கள். உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி.

ஷிப்ட் மாறும்போது வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எழுதித்தான் ஆக வேண்டுமா? (ராணிப்பேட்டை)

1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேஃப்டி வால்வைச் சோதனைக்குக் கழற்றிய பகல் ஷிப்ட் ஆட்கள், அந்த வாயை ஒரு பிளைண்டு ஃபிளாஞ்ச் வைத்து மூடினார்கள். அது கசியாதபடி இறுக்கப்படவில்லை. வேலை முடியாமலே ஷிப்ட் மாறியது. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வு இல்லாத விஷயம் தெரியாத இரவு ஷிப்ட் இந்தப் பம்பை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்து 167 பேர் இறந்தார்கள். வால்வுக்கான பெர்மிட் எழுதத்தான் பட்டிருந்தது. அந்தத் தகவல் பம்பை ஓட்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஆகவே எழுதுங்கள், அடுத்த ஷிப்ட் ஆளை மிஷின் வரை கூட்டிப்போய்க் கழற்றிய இடத்தைக் காட்டவும் செய்யுங்கள்.

கான்ட்ராக்டில் சேர்ந்து 12 நாள்தான். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை பார்த்தேன், விரல் போனது. “உன் தப்பு, ஒன்றும் கிடைக்காது” என்கிறார்கள்.

கிடைக்கும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும். வேலை விபத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, முதல் நாள் வந்தவருக்கும் உண்டு. வேலைக்கு லாயக்கில்லை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தரும் காலம் வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். விரல் இழப்புக்கு மருத்துவக் குழு போடும் சதவீதப்படி நிரந்தர ஊனத் தொகை வரும். விதியை மீறியிருந்தாலும், கம்பெனி வேலைக்காகச் செய்தது என்றால் இ.எஸ்.ஐ. அதை வேலை விபத்தாகவே ஏற்கும். கான்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது வேலை நடந்த கம்பெனிக்கு. விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். “வீட்டில் விழுந்தேன்” என்று எழுதிய காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.